அந்தக் கேள்வியை எழுதுகிறவர் யார்?

(பாளையங்கோட்டை வாசகர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் டவுனில் ஒரு மறுவீட்டுப் பந்தி. பக்கத்து இலையில் ஒரு அம்மா. அவர் மகன் பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, இங்கே பதிவு வாங்க எழுதவேண்டிய எப்எம்ஜிஇ தேர்வில் இரண்டு தடவை தவறிவிட்டானாம். "அண்ணாச்சி, இந்தக் கேள்வியெல்லாம் எவன் எழுதுதான்? அவன் ஒரு நாளாவது ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருப்பானா?" என்று கேட்டார். இலையில் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என்ன பதில் சொல்ல? அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போயிருப்பான் அம்மா. தினமும் போகிறவன்தான்.

அமெரிக்காவில் எப்படி என்று பார்ப்போம். டாக்டர்களுக்குத் தேர்வு வைக்கவென்றே அங்கே ஒரு வாரியம் 1915-ல் உண்டானது. நம்ம சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1914-ல். அந்த வாரியம் 1916-ல் வாஷிங்டனில் நடத்திய முதல் தேர்வை 10 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 5 பேர். கட்டுரை எழுதணும், ஆய்வகத்தில் வேலை செய்து காட்டணும், நோயாளியையும் பார்க்கணும். கொள்குறி வினா வந்தது 1950-களில். 1992 முதல் யுஎஸ்எம்எல்இ என்று நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. அதற்குக் கேள்வி எழுதுகிறவர்கள் மருத்துவக் கல்லூரி வாத்தியார்களும் வார்டில் ரவுண்ட்ஸ் போகிறவர்களும்தான். ஒருத்தர் எழுதுவார், குழு உட்கார்ந்து அதைக் கிழிக்கும். தப்பிப் பிழைத்த கேள்வியையும் உடனே நம்பிவிட மாட்டார்கள். உண்மையான தேர்வுத் தாளுக்குள்ளேயே மதிப்பெண் இல்லாமல் செருகி, பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி எழுதுவது என்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். எங்கள் கல்லூரி உள்தேர்வுக்காக ஒன்று எழுதினேன். களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டக் காவலுக்குப் போய்த் தரையில் படுத்தவர், விடியக்காலம் வயிற்றுவலியோடு எழுந்திரிக்கிறார். இமை தூக்க முடியவில்லை. கடிவாய் எதுவும் தெரியவில்லை. என்ன நோய்? பக்கவாதம், பாட்டுலிசம், மயஸ்தீனியா, 'கட்டுவிரியன் கடித்து நரம்பும் தசையும் சேரும் இடம் பாதிக்கப்பட்ட நிலை' என்று நாலு விடை.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி தமிழாசிரியை; மருத்துவம் ஒரு வரி படித்தவள் இல்லை. "நாலாவதுதான்" என்றாள். எப்படிட்டீ கண்டுபிடிச்ச என்றால், "அதுக்கு மட்டும்தான நகை நட்டெல்லாம் பூட்டி அனுப்பியிருக்கீய!"

சரியான விடையை ஒரு நிமிஷத்தில் எழுதிவிடலாம். தப்பான விடைதான் உயிரை வாங்கும். அரைகுறையாகப் படித்தவன் நிஜமாகவே எங்கே வழுக்குவான் என்று தெரிந்து எழுதணும். மயஸ்தீனியா என்கிற தசைச்சோர்வு நோயிலும் இமை தொங்கும், ஆகவே அது நல்ல பொறி. பக்கவாதம் அவ்வளவு நல்ல பொறி இல்லை. இரண்டு இமையும் ஒன்றாகத் தொங்கினால் கவனமுள்ள பிள்ளை அதை முதலிலேயே தள்ளிவிடும். 'மேற்கண்ட அனைத்தும்' என்று போடுவது சோம்பேறித்தனம். நானும் போட்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி இதைவிட மோசம். திருத்திப் பார்த்தால், முதல் வரிசை மாணவர்கள் எல்லாம் தவறவிட்டிருக்கிறார்கள். கடைசி பெஞ்ச் சரியாகப் போட்டிருக்கிறது. நன்றாகப் படித்தவனுக்கு என் கேள்வியில் இருந்த ஓட்டை தெரிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மதிப்பெண் கூட்டினோம்.

தேர்ச்சி மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். எப்எம்ஜிஇ 2002-லிருந்து நடக்கிறது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, கேள்வி கடினமோ எளிதோ கோடு அங்கேயேதான் நிற்கும். வேறொரு முறை உண்டு, அங்காஃப் முறை என்பார்கள். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு ஆளை மனசுக்குள் கொண்டுவரணும்: டாக்டராக விடலாம், ஆனால் மயிரிழையில்தான். அப்படி 100 பேர் இருந்தால் இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? அந்த எண்களின் சராசரியிலிருந்து கோடு பிறக்கிறது. நான் அப்படி உட்கார்ந்தபோதெல்லாம் மனசில் வந்தவன் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டியில் முழித்துக்கொண்டு நின்ற ஒரு பயிற்சி மருத்துவன். அவன் கையில் என் அம்மாவைக் கொடுப்பேனா என்று யோசித்துத்தான் எண்ணைப் போடுவேன்.

2019 மருத்துவ ஆணையச் சட்டத்தில் நெக்ஸ்ட் என்று, இங்கே படித்தவர் வெளிநாட்டில் படித்தவர் எல்லாருக்கும் ஒரே தேர்வு எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் நடந்தபாடில்லை. நடக்கும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். பிலடெல்பியாவில் இருக்கிற வாரியத்தின் கேள்வியில் நோயாளியை உண்ணி கடித்து லைம் நோய் வரும். அது அவர்கள் ஊர் நியாயம். நம்ம தேர்வில் களக்காட்டுக் காவல்காரர் வரணும். அதற்கு அவரைப் பார்த்தவர் எழுதணும். இங்கே டாக்டர்களைக் கேள்வி எழுதக் கூப்பிட்டால், "கிளினிக் இருக்கு சார், நேரமில்லை" என்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரிடம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். பேர் சொல்லமாட்டேன்.

அந்த அம்மாவுக்கு மிச்சம் ஒரு பதில். எழுதுகிறவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். ஒருவேளை அன்றைக்கு எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சொதிக்கு இஞ்சிப் பச்சடி கேட்டுக்கொண்டிருந்தவராகக்கூட இருக்கலாம்.