ஐஎல்-6-க்கு ஒரு சிவப்பு முக்கோணமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேச வேறு தலைப்பு வைத்திருந்தேன். அது அடுத்த வாரம். எச்சில் துப்பி அனுப்பினேனே, அந்த மரபணுப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் கோப்பைத் திறக்கவே பெரும்பாடு. கடவுச்சொல் உங்கள் பிறந்த தேதி என்கிறார்கள். நாள் முன்னால் வருமா, மாதம் முன்னால் வருமா? நடுவில் கோடு உண்டா? வருடம் முழுசா, கடைசி இரண்டு எண்ணா? ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கோடில்லாமல், மாதம் முன்னால். யார் அப்படி எழுதுகிறார்கள்!

சரி, திறந்தாயிற்று. ‘நோய் எதிர்ப்பு மரபணுக்கள்’ என்ற பக்கத்தில் ஐஎல்-6 என்ற மரபணுவுக்கு நேராக ஒரு சிவப்பு முக்கோணம். ‘பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 20% அதிகம்’ என்று கொட்டை எழுத்து. எதைவிட அதிகம்? என் பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை தெரியும். 100 பேரில் 4 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20% கூடினால் அது 24 ஆகாது, 4.8 ஆகும். அதற்குப் போய் முக்கோணமா?

அந்த 4.8-ஐயும் நான் நம்பவில்லை. ஐஎல்-6, ஐஎல்-10, டிஎன்எஃப் எல்லாம் அழற்சியை ஏற்றி இறக்குகிற புரதங்களுக்கான மரபணுக்கள். குடலில் வருடக்கணக்கில் அழற்சி இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நீண்டகாலக் குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். அதனால் இந்த மரபணுக்களின் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால் ஆபத்தும் மாறுமோ என்று தேடியது நியாயம்தான். ஆனால் சிறிய ஆய்வுகளில் ஒன்று ஆமாம் என்றது, அடுத்தது இல்லை என்றது. 2007-லிருந்து மரபணுத்தொகை முழுவதையும் அலசும் பெரிய ஆய்வுகள் வந்தன. பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ளவை என்று இன்று 200-க்கு மேற்பட்ட இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. 6-ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதியும் அதில் உண்டு. எதிர்ப்புச் செல்களுக்கு அந்நியப் புரதத் துண்டுகளைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் பட்டியலில் உள்ள பெரும்பாலான மாறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் நகர்த்துகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2015-இல் வந்த ஆஸ்பிரின் ஆய்வு. ஆஸ்பிரின் வாடிக்கையாக எடுப்பவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் பொதுவாகக் குறைவு. ஆனால் ஐஎல்-16 மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருந்த சுமார் 9% பேரிடம் அந்தக் குறைவைக் காணவில்லை. ஒரே மாத்திரை, ஆளுக்கு ஆள் வேறு பலன். இதற்காக யாரும் ஆஸ்பிரின் வாங்க ஓடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும், டாக்டரிடம் கேளுங்கள்.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். லிஞ்ச் சிண்ட்ரோம்! பெருங்குடல் புற்றுநோய் வருபவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற மரபணுக்கள், டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்துபவை. அவற்றில் ஒன்று பழுதாகி, பரம்பரையாக வருகிறது. இவை எதிர்ப்பு மரபணுக்களே இல்லை. ஆனால் திருத்த ஆளில்லாத கட்டியில் பிழைகள் குவிந்து விசித்திரப் புரதங்கள் உருவாகின்றன, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் கண்டு மொய்க்கின்றன. அதனால்தான் டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து இந்த வகைக் கட்டிகளில் நன்றாக வேலை செய்கிறது. 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் சரி, இந்தக் குறை இருந்தால் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த அறிக்கையில் லிஞ்ச் பற்றி ஒரு வரி இல்லை. பரிசோதனை அங்கங்கே சில எழுத்துகளை மட்டும்தான் படிக்கிறது, அந்த மரபணுக்களை முழுசாகப் படிப்பதில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்கு முன்பே குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்ததா என்று டாக்டர் முதலில் கேட்பார். இவர்கள் எச்சில் வாங்கும்போது நிரப்பச் சொன்ன படிவத்தில் என் பிடித்தமான உடற்பயிற்சியைக் கேட்டார்கள்.