இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவுக் கோளாறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். முப்பது, நாற்பது வயதில் முதல்முறையாக என் அறைக்கு வந்து, "இத்தனை நாளும் என்னைச் சோம்பேறி என்றே திட்டினார்கள் டாக்டர்" என்று கண் கலங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது, "எந்த மாத்திரை நல்லது?"

2018-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 133 மருந்துச் சோதனைகளைச் சேர்த்து ஒப்பிட்ட ஆய்வு வந்தது. சிறுவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை என்று அது முதலிடம் கொடுத்தது. ஆனால் பெரும்பாலும் மூன்று மாத அளவிலான பலனைத்தான் அதில் பார்த்தார்கள். இந்த நோய்க்கோ ஆண்டுக்கணக்கில் மருந்து தேவைப்படலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் எழுதப்படுபவை மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்செட்டின் இரண்டும்தான்.

மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். மெதுவாகக் கரையும் வகை பகல் முழுக்க வரும். பசி குறையலாம், மாலையில் போட்டால் தூக்கம் கெடலாம். தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு இருப்பதால் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சீட்டில்லாமல் தர மாட்டார்கள்.

அட்டமாக்செட்டின் வேறு குணம். 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும் ஊக்கி வகையைச் சேராதது. போதைப் பழக்கம் இருந்தவருக்கு இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குமட்டலும் வாய் வறட்சியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முன்னால் வருகிறது, நன்மை பின்னால் வருகிறது. அதனால்தான் பலர் இரண்டாவது வாரத்திலேயே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலே குமட்டல் ஓரளவு அடங்கலாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இன்னும் நல்லது.

இன்னொன்று. மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின் அல்லது பராக்செட்டின் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவை அட்டமாக்செட்டினை உடல் கரைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். ஆண்களுக்குச் சிறுநீர் பிரிவதில் சிரமம் வரலாம். கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

இரண்டு மருந்துமே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றக்கூடியவை. இதயக் கோளாறு இருந்தால் முன்பே தெரிவியுங்கள். அப்புறம், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையோ கணவரையோ கூட அழைத்துப் போங்கள். மின்கட்டணம் கெடுவுக்குள் கட்டப்பட்டதா, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததா என்பதை அவர்கள் சரியாகச் சொல்வார்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க எனக்கு அந்தத் தகவல் மிகவும் உதவும்.