பித்தளைச் சாவி

வணக்கம் நேயர்களே. வலிப்பு நோயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஃபிட்ஸ், இழுப்பு, காக்காய் வலிப்பு என்று நீங்கள் எந்தப் பெயரில் சொன்னாலும் அதுதான். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால் இரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கஞ்சமலை நிறைய இரும்புத் தாது, அந்தப் பக்கமே உருக்காலை. ஆனால் தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், ஒரு துண்டு இரும்புக்கு அத்தனை பேரும் பறப்பார்கள்.

நான் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழோ எட்டோ தாண்டியிருக்கும். முன் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த பையன், 17 வயது இருக்கும், திடீரென்று ஒரு சத்தம் போட்டான். உடம்பு விறைத்தது. அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "இரும்பு, இரும்பு" என்று பஸ்ஸே கத்தியது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி லிவரை உருவினார். காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிற பெரியவர் ஒருவர் கவாத்துக் கத்தியையே நீட்டினார். நல்லவேளை, யாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வலிப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்து, "சாவி கீவி இருந்தா குடு கண்ணு" என்றதும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஹாஸ்டல் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை உள்ளே திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுபோச்சு" என்றார் கண்டக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அது பித்தளைச் சாவி.

பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். இரும்பைத் தேடிப் பிடித்துக் கையில் வைக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பேர் இரும்புக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்; ஸ்பூன், துணி, தண்ணீர், எதுவுமே. திரும்பவும் சொல்கிறேன், வாயில் எதுவும் வேண்டாம். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே 108.

அந்தப் பையன் மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அதான் வரதே இல்லையே, அப்புறம் எதுக்குன்னு உட்டுட்டோம்" என்றார் அம்மா. என்னுடைய நெடுநாள் ஆதங்கமே இதுதான். ஒன்றும் செய்யாத சாவிக்குப் பேர் கிடைக்கிறது. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் எதுவுமே நடக்காது, அதனால் அதற்குப் பேரே இல்லை. முறையாக மருந்து எடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொதுவாக இரண்டு வருஷமாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். அதுவும் படிப்படியாக.

இந்தப் பேர் மாறிப்போகிற கதை ஆராய்ச்சிக் கூடத்திலும் நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் சில புது மருந்துகளை ஒரு திரவத்தில் கரைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எந்த மருந்தைப் போட்டாலும் வலிப்பு கட்டுப்பட்டது. கடைசியில் பார்த்தால், வேலை செய்தது கரைக்கப் பயன்பட்ட அந்தத் திரவம்! இன்று நம் மருந்துச் சீட்டில் இருக்கிற வால்ப்ரோயேட் அதுதான். பெண்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வலிப்பு வந்தவரின் ஸ்கேனில் மூளையில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தால், ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்று டி.பி. மருந்து கொடுப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்புழு என்று 1980களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் காட்டினார்கள். பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் வரும். குடலில் அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து, கழுவாத கீரை வழியாக, கழுவாத கை வழியாக முட்டை வந்து சேருகிறது.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல் திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டார்கள். தரகர்களுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அறுவை சிகிச்சையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரமில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் அடங்கவில்லை என்றால், "எனக்கு ஆபரேஷன் ஒத்துவருமா" என்று உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனை போன்ற இடங்களில் பல வருஷமாகச் செய்கிறார்கள். வருகிறேன், வணக்கம்.