பரிசு பெற்ற ரொட்டிக்கடை

எல்லோருக்கும் வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட இத்தாலிய ராக் இசைக்குழுவின் பெயர் பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்க்கோனி. தமிழில் சொன்னால், ‘பரிசு பெற்ற மார்க்கோனி ரொட்டிக்கடை’. சிரிக்கிறீர்கள். இத்தாலியர்களும் சிரித்திருப்பார்கள். ஏதோ தத்துவப் பெயர் என்று நினைக்கவேண்டாம், நிஜமாகவே ரொட்டிக்கடைதான். வட இத்தாலியில் பிரெஷ்யா நகருக்குப் பக்கத்தில் கியாரி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த கடையின் பெயரை எடுத்து, முன்னால் ‘பரிசு பெற்ற’ என்று இவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். வயலினும் புல்லாங்குழலும் வாசித்த மௌரோ பகானி அந்த ஊரில் பிறந்தவர். இவ்வளவு நீளப் பெயர் யார் வாயில் நுழையும் என்று ரெக்கார்டு கம்பெனி கேட்டதாகவும், வாயில் நுழையாத பெயரைத்தான் யாரும் மறக்கமாட்டார்கள் என்று இவர்கள் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கடைசியில் எல்லோரும் பி.எஃப்.எம். என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1972-இல் ஆரம்பிப்பார்கள். நான் கொஞ்சம் முன்னால் போகிறேன். ஏனென்றால் இவர்கள் முதலில் பக்கவாத்தியக்காரர்கள். டிரம்ஸ் வாசித்த ஃபிரான்ஸ் டி சோச்சோ, கிட்டார் ஃபிராங்கோ முசிடா, கீபோர்டு ஃபிளாவியோ பிரெமோலி, பாஸ் கிட்டார் ஜார்ஜோ பியாட்சா, இந்த நால்வரும் மிலான் நகரத்தில் ‘குவெல்லி’ என்ற பெயரில் இயங்கிவந்தார்கள். பெயருக்கு அர்த்தம் வெறும் ‘அவர்கள்’. பொருத்தமான பெயர்தான். லூச்சோ பத்திஸ்தி, மீனா என்று அன்றைய பெரிய பாடகர்களுக்கு ஸ்டுடியோவில் பின்னணி வாசித்த ஆட்கள் இவர்கள். ஜெனோவாக்காரரான ஃபாப்ரிட்சியோ தெ ஆந்த்ரே 1970-இல் ஏசுவின் கதையைப் பைபிளில் சேராத சுவிசேஷங்களிலிருந்து எடுத்துப் பாடிய ‘லா புவோனா நொவெல்லா’ ஆல்பத்திலும் இவர்கள் வாசிப்பு இருக்கிறது. இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் திரும்ப வருவேன்.

பகானி வந்து சேர்ந்ததும் ஐவரானார்கள். மேடையில் கிங் கிரிம்ஸன் என்ற ஆங்கிலக் குழுவின் பாட்டுகளை அச்சு மாறாமல் வாசித்துக் காட்டினார்கள். அது அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான், அதில் நான் நிற்கப்போவதில்லை.

நான் நிற்க விரும்புவது ஒரு பாட்டில். ‘இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே’, செப்டம்பர் மாத எண்ணங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1971-இல் இசைத்தட்டாக வந்தது, அடுத்த ஆண்டு முதல் ஆல்பமான ‘ஸ்தோரியா தி உன் மினூதோ’விலும் இடம்பிடித்தது. வரிகள் பாடலாசிரியர் மொகோலும் பகானியும் சேர்ந்து எழுதியவை. விடியற்காலை, மூடுபனி, புல்லில் பனித்துளி, சூரியனைத் தேடிக்கொண்டு வயலில் நடக்கிற ஒருவன், புல்லை நோக்கிக் கழுத்தை நீட்டும் ஒரு குதிரை. அவ்வளவுதான் காட்சி. கிட்டார் மெதுவாகத் தந்தி தந்தியாக மீட்ட, குரல் கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடுகிறது. ஏதோ வரப்போகிறது என்று நமக்குத் தெரிகிறது. பல்லவி வரவேண்டிய இடம் வருகிறது. குரல் நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில் பாடுவது மூக் சிந்தசைசர். பல்லவிக்கு வார்த்தையே கிடையாது. இத்தாலியப் பாட்டு மரபில் இது சாதாரணக் காரியம் இல்லை. அங்கே பாட்டென்றால் தொண்டை. ஊர் முழுக்க வாய்விட்டுச் சேர்ந்து பாடவேண்டிய வரியை எடுத்து ஒரு மின்னணுப் பெட்டியிடம் கொடுத்துவிட்டார்கள்! அந்தப் பெட்டியும் அப்போது இவர்கள் வாங்கக்கூடிய விலையில் இல்லை, இறக்குமதி செய்தவரிடம் இரவல் வாங்கித்தான் வாசித்தார்கள். ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம் சொல்கிறேன். அன்றைய மூக் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் எழும். பியானோபோலப் பத்து விரலுக்கும் வேலை இல்லை. நம் தொண்டையும் நாதஸ்வரமும்கூட அப்படித்தானே? அதனால்தான் அது இயந்திரமாகக் கேட்காமல் ஒரு பெரிய குரலாகக் கேட்கிறது என்பது என் எண்ணம்.

அதே ஆல்பத்தில் ‘எ ஃபெஸ்தா’, அதாவது திருவிழா, தென்னித்தாலியின் தரந்தெல்லா ஆட்டத்தை மின்சாரத்தில் நனைத்த மாதிரி ஓடும். 1972 முடிவதற்குள்ளேயே இரண்டாவது ஆல்பம் ‘பெர் உன் அமீகோ’ வந்துவிட்டது. ஐந்தே பாட்டுகள். எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பிடிக்கும். புல்லாங்குழலும் கிட்டாரும் அறைக்கச்சேரிபோல மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் டிரம்ஸ் உள்ளே புகுந்துவிடும். ஆனால் யாரும் தன் திறமையைக் காட்டிக்கொள்ள நீட்டி வாசிப்பதில்லை. பாடகர்களுக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருந்தது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். யாருடைய பாட்டுகளை அச்சு மாறாமல் வாசித்தார்களோ, அந்த கிங் கிரிம்ஸனிலிருந்தே ஆள் வந்தது. அதன் முதல் பாடகர் கிரெக் லேக், பிறகு எமர்சன், லேக் அண்டு பால்மர் குழுவில் இருந்தவர், இவர்களைக் கேட்டுத் தங்களுடைய மான்டிகோர் ரெக்கார்டு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார். கிங் கிரிம்ஸனின் பாடலாசிரியர் பீட் சின்ஃபீல்டு ஆங்கில வரிகள் எழுதினார். 1973-இல் ‘ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ வெளியானது. பெரும்பாலும் பழைய மெட்டுகள்தான், வார்த்தை மட்டும் புதிது. திருவிழா ‘செலிப்ரேஷன்’ ஆனது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஆல்பம் 180-ஆம் இடம்வரை ஏறியது. இங்கே நாம் 180 என்றதும் உதட்டைப் பிதுக்குவோம். ஒரு இத்தாலிய ராக் குழுவுக்கு அன்று அது பெரிய விஷயம்.

ஆனால் என் காதுக்கு ஏதோ உறுத்துகிறது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகின்றன. தெலுங்கைக் கிழக்கின் இத்தாலியம் என்பார்களே, அதே காரணம்தான். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க உயிரெழுத்து வேண்டும். ஆங்கிலச் சொல் மெய்யெழுத்தில் போய் டக்கென்று மூடிக்கொள்கிறது. மெட்டு திறந்திருக்கும்போது சொல் வாயை மூடினால் எப்படி? சின்ஃபீல்டும் மூல வரிகளை மொழிபெயர்க்கவில்லை, புதுக் கவிதையே எழுதினார். நல்ல கவிதைகள்தான், ஆனால் வேறு யாருக்கோ தைத்த சட்டை. ‘இல் பங்கெத்தோ’ மட்டும் அந்த ஆல்பத்திலும் இத்தாலிய மொழியிலேயே இருக்கிறது. அதையும் ஒரு ஆங்கிலப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

மேடையில் இந்தக் குறை காணாமல் போகும். 1974-இல் அமெரிக்கா, கனடா சுற்றுப்பயணத்தில் எடுத்த ‘லைவ் இன் யூ.எஸ்.ஏ.’ ஆல்பத்தைக் கேளுங்கள். அதற்குள் பியாட்சா போய், ‘ஏரியா’ என்ற இன்னொரு இத்தாலியக் குழுவிலிருந்து பாத்ரிக் ஜீவாஸ் பாஸுக்கு வந்துவிட்டார். அடுத்து ‘சாக்லேட் கிங்ஸ்’, புதுப் பாடகர் பெர்னார்டோ லன்சேத்தி. அப்புறம் பகானியும் விலகினார். இந்த ஆண்டுகளை நான் வேகமாகத் தாண்டுகிறேன், ஆட்சேபம் உள்ளவர்கள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

தெ ஆந்த்ரே பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? மேடை என்றாலே கூச்சப்பட்ட மனிதர் அவர். 1978-இல் பி.எஃப்.எம். சார்தீனியாத் தீவுக்குக் கச்சேரிக்குப் போனபோது, அங்கே பண்ணை வைத்து மாடு வளர்த்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தார்கள். உன் பாட்டுகளை நாங்கள் அமைத்துத் தருகிறோம், சேர்ந்து ஊர் ஊராகப் போவோம் என்றார்கள். கவிஞனின் பாட்டை மின்கிட்டார் விழுங்கிவிடும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். நடந்தது வேறு. 1979 ஜனவரியில் ஃபிளாரன்ஸிலும் போலோனியாவிலும் பதிவான அந்த நேரடி ஆல்பம் வந்த பிறகு, ‘இல் பெஸ்கத்தோரே’ என்ற மீனவன் பாட்டை இத்தாலியில் பெரும்பாலோர் இவர்கள் அமைத்தபடிதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பி.எஃப்.எம். அமைத்துக்கொடுத்த வடிவங்களைத் தெ ஆந்த்ரேயும் கடைசிவரை மேடையில் கைவிடவில்லை. அவர் 1999-இல் மறைந்தார். அதே பயணத்தில் ஜெனோவாவில் ஒரு இரவு எடுத்த வீடியோப் பதிவு நாற்பது ஆண்டு எங்கோ கிடந்து, 2020-இல் ஆவணப்படமாக வெளிவந்தது.

லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் முன்வரிசையில் நின்றவர்கள், சொந்த ஊரில் நிலைத்தது மறுபடி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தபோது. இதைத் தோல்வி என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. கச்சேரியில் மிருதங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான், என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, பேசியது போதும். அந்த ஜனவரிப் பதிவிலிருந்து மீனவன் பாட்டைப் போடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இன்று ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்கிறது, அதை முழுசாகத் திறக்கப்போகிறேன்.