சுகர் பார்க்கக் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்

(மகளிர் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரிச் செயலர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் சகோதரிகளே, பேராசிரியப் பெருமக்களே, அன்பு மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் போர்த்திய பொன்னாடையைச் செவிலியர்களில் மூத்தவரான அந்த அம்மாவுக்கே போர்த்திவிட்டேன். செயலர் ஐயா தவறாக நினைக்க மாட்டார். இன்று நான் வைக்கப் போகும் கோரிக்கை நிறைவேற வேண்டுமானால், அந்த அம்மாவைப் போன்றவர்களின் கால்தான் தெருத்தெருவாக நடக்க வேண்டும். நகர்மன்றத் தலைவி அவர்கள் இரத்தசோகை பற்றி அழகாகப் பேசினார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

ஹார்மோன் கோளாறும் இதயமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ். இரண்டு, தைராய்டு. மூன்று, மன அழுத்தத்தில் உடம்பில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன். முதல் விஷயத்தில் தொடங்குகிறேன்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி பழக்கம்தான். இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்கு இருபத்தொரு வயது. கூடவே அத்தை, கையில் ஸ்கேன் ரிப்போர்ட். "நீர்க்கட்டின்னு எழுதியிருக்கு டாக்டர். கல்யாணம் ஆனா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள தேதி ஒழுங்கா வர்ற மாதிரி மாத்திரை கொடுங்க" என்றார். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அந்தப் பெண் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். விலக்கச் சொன்னேன். பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்புப் பட்டை. அம்மா முந்திக்கொண்டார்: "கவரிங் செயின் ஒத்துக்கல டாக்டர். பயத்தமாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

அது அழுக்கும் இல்லை, கவரிங்கும் இல்லை அம்மா, உடம்பில் இன்சுலின் கூடிப்போனதன் அடையாளம் என்றேன். இடுப்பைச் சுற்றி டேப் வைத்தேன். பார்வைக்கு ஒல்லியான பெண். 84 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. சர்க்கரை பார்க்கலாம் என்றதும் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "சுகர்னு மட்டும் சீட்டுல எழுதிடாதீங்க டாக்டர், சம்பந்தம் நின்னுடும்!" சரி, எழுதவில்லை, பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தினேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் வரச் சொல்லி இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். குடிக்க முடியாமல் முகத்தைச் சுளித்தாள். செவிலியர் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அதற்குள் அத்தைக்கும் பக்கத்து பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு முப்பது வயசுல யாராவது இப்படி உக்கார வச்சிருந்தா, இன்னிக்கு இந்தக் காலோட வந்திருப்பேனா?" அவருக்குக் காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். பெஞ்சு முழுக்க அமைதியாகிவிட்டது. அத்தை அப்புறம் வாயே திறக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் 94. நல்ல அளவு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. 140-க்குள் இருக்க வேண்டியது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால் "எல்லாம் நார்மல், போயிட்டு வாங்க" என்று அனுப்பியிருப்போம். சும்மா இருக்கட்டுமே என்று தாய்க்கும் பார்த்தோம். 240! "இவ வயித்துல இருந்தப்போ சுகர் இருந்துச்சு டாக்டர். பிரசவத்தோட போயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். இருபத்தோரு வருஷம் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே நடப்பது இதுதான். இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது, தசையும் கல்லீரலும் திறப்பதில்லை. உடம்பு மேலும் மேலும் இன்சுலினை அனுப்புகிறது. அந்த மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரக்கிறது. விளைவு: முகத்தில் முடி, பரு, முதிராமல் பாதியில் நின்றுவிடும் முட்டைப்பைகள். ஸ்கேனில் கட்டி என்று தெரிவது அவைதான். இன்னொரு பக்கம் இதே கோளாறு இரத்தக் கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1921-லேயே பாரிஸில் அஷார், தியர் என்ற இரு மருத்துவர்கள் தாடி வளர்ந்த பெண்ணுக்கு நீரிழிவும் இருந்ததை எழுதி வைத்தார்கள். ஆனால் 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய பிறகு, இது கர்ப்பம் தரிக்காத பெண்களின் நோய் என்றே ஆகிப்போனது. ஆராய்ச்சியும் அந்த வழியிலேயே போனது. 2007-ல் அமெரிக்காவில் 626 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு, 2014-ல் 750 பெண்களை வைத்து இன்னொன்று. எந்த மாத்திரையில் குழந்தை பிறக்கிறது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. நல்ல ஆய்வுகள், பலருக்குப் பிள்ளை வரம் கொடுத்தவை. ஆனால் அந்தத் தாய்களின் இதயம் ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்று இருபது, முப்பது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகள் மிகக் குறைவு. எனக்கு இதில் கோபமே உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணின் உடம்பு யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்தான் தெளிவாகச் சொன்னது: பிசிஓஎஸ் இருந்தாலே இதயநோய் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயதையும் எடையையும் பார்க்காமல் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்யுங்கள், ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் திரும்பச் செய்யுங்கள். இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பாருங்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கெடுப்பில், எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, நூறு பெண்களில் ஏழு பேர் முதல் இருபது பேர் வரை பிசிஓஎஸ் இருக்கிறது. இந்த அரங்கில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறீர்கள், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அணை போட முடியுமா? முடியும். சென்னையில் நீரிழிவு மருத்துவர் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினர். இருபது வயதிலேயே தொடங்கினால் இன்னும் கைமேல் பலன் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

தைராய்டு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும், மாதவிலக்கும் மாறும். அதனால் அந்த டெஸ்டையும் சேர்த்தே பாருங்கள். செயலர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், கார்டிசாலை இன்னொரு நாள் பேசலாம். நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. தேசியத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முப்பது வயதில்தான் தொடங்குகிறது. முப்பது வரை வெள்ளம் காத்திருக்குமா? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நம் மாநிலத்தால் இது முடியாத காரியமில்லை. நீரிழிவு மருத்துவர் டாக்டர் சேஷையா ஆண்டுக்கணக்காக வலியுறுத்தியதன் பேரில் 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் பரிசோதனை என்று ஆணை போட்டது தமிழ்நாடு. அதே குளுக்கோஸ், அதே இரண்டு மணி நேரம். கர்ப்பிணிக்குச் செய்வதை ஏன் அவள் தங்கைக்குச் செய்யக் கூடாது?

வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்க நம் செவிலியர்கள் எப்படியும் போகிறார்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: "கண்ணு, போன தடவை எப்ப வந்துச்சு?" வயதுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் இடைவெளி 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனால், இடுப்பளவு, இரத்த அழுத்தம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் டெஸ்ட். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். கேட்பதற்கு ஓர் உத்தரவு வேண்டும். முதலில் நம் மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தில் ஓராண்டு செய்து பார்க்கலாம். கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தால் அதுவே நல்ல மருத்துவ ஆய்வாகும். மனுவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். மேடையிலேயே பெற்றுக்கொள்ளச் சம்மதித்த அலுவலர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

மாணவிகளே, கூட்டம் முடிந்ததும் நூலக வாசலில் செவிலியர்கள் டேப்பும் பிபி மெஷினும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தடுப்புத் திரை கட்டியிருக்கிறோம், பெயரைச் சத்தமாகக் கூப்பிட மாட்டார்கள். அம்மாவுக்குப் பிரசவத்தின்போது சுகர் இருந்ததா என்று இன்றிரவே வீட்டில் கேட்டு, தெரிந்தால் நாளை வந்து, செவிலியர்கள் உங்கள் அளவுகளை எழுதும் நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.