பிணம் தும்மக் கூடாது

நடுவர் அவர்களுக்கும், விழாக் குழுவுக்கும், சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடித்த உங்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம். தனித்தனியாக வைத்தால் நடுவர் மணியை அடித்துவிடுவார்.

நாடக நடிகனுக்குப் பெருமை ஊர் விரும்பும் வேடமா, ஒருத்தரும் போட முன்வராத வேடமா? இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது கட்சி.

எதிரணித் தம்பி ராஜபார்ட்டின், அதாவது கதாநாயக வேடத்தின், புகழ் பாடினார். கிரீடம், ஜிகினா, வள்ளி திருமணத்தில் முருகன் நுழைந்ததும் பறக்கும் விசில். சரி. போகிற போக்கில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளையும் இழுத்தார். நளன் கதை நாடகத்தில் நடித்த சுவாமிகள் சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனார், அங்கே ஒரு கர்ப்பிணி பார்த்துப் பயந்து விபரீதமாகிவிட்டது, அதோடு நடிப்பையே விட்டார் என்று ஒரு செய்தி சொல்வார்கள். இதில் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டார். தம்பி, சுவாமிகள் மறைந்தது 1922இல். நூறு வருடம் தாண்டியும் அந்தச் சனீஸ்வரனை நீங்களே மேடையேற்றுகிறீர்கள். அன்று ராத்திரி நளனாக நடித்தவர் யார்? பெயரைச் சொல்லுங்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.

தம்பி யோசிக்கட்டும். டி.கே.சண்முகம் முப்பது வயதில் கிழவி வேடம் போட்டார். 1942. அந்தக் கிழவிதான் ‘அவ்வை சண்முகம்’ என்று அவர் பெயரிலேயே குடியேறினாள். எம்.ஆர்.ராதா மேடையில் குஷ்டரோகியாக நின்றார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு வேறொரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

டீ குடிக்கும்போது தம்பியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்: சின்ன வயதில் நானும் நடித்திருக்கிறேன், அரிச்சந்திராவில் லோகிதாசன் பிணமாக என்று. அதை மைக்கில் போட்டு உடைத்தார். “மேடையில் காசு வாங்கித் தூங்கியவர் சவாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்” என்றார். நீங்களும் சிரித்தீர்கள். முன்வரிசை அக்கா, நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

முதலில், காசு வாங்கவில்லை. புரோட்டா.

எங்கள் ஊர் மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில். ஆடி மாதம், காளியம்மன் முளைக்கொட்டுத் திருவிழா. மதுரையிலிருந்து ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் தனித்தனியாக வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். அன்று லோகிதாசன் பையனுக்குக் காய்ச்சல். ஊரில் கேட்டுப் பார்த்தார்கள். எந்த ஆத்தா தன் பிள்ளையைப் பிணமாகப் படுக்கவிடுவாள்? ஆர்மோனியக்காரர் என்னைப் பிடித்து நாலு புரோட்டா என்றார். ஆத்தாவிடம் சொல்லாமல் போய்விட்டேன்.

மயான காண்டம் தொடங்கும்போது மணி மூன்று. தர்ப்பை பறிக்கப் போய்ப் பாம்பு கடித்துச் செத்துக் கிடக்கிறேன். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் எங்கள் ஊரில் மணல் எப்படிப் பறக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி மணல் நேரே மூக்குக்குள். தும்மல் கிளம்பிப் பாதி வழியில் நின்றுகொண்டது. கீழே இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. சந்திரமதி மார்பில் அடித்துக்கொண்டு, “அசையாமக் கிடக்கியே மகனே” என்று இழுக்கிறார். அந்த நேரம் பார்த்து உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது.

முன்னால் இருந்த பையன்கள், “ஏ, பிணம் உசுரோட இருக்குடா!”

ஸ்திரீபார்ட் ஒரு நொடி தயங்கவில்லை. “ஐயோ, பாம்பு விஷம் இன்னும் உடம்புக்குள்ள ஓடுதே!” என்று அதற்கும் ஒரு விருத்தம் எடுத்தார். கைதட்டல். விஷம் ஓடியதால் நான் இன்னும் இரண்டு தடவை குலுங்க வசதியாகப் போயிற்று. தம்பி, இதற்குப் பெயர் தூக்கமா? திரும்பச் சொல்கிறேன், தம்பிக்குக் காதில் விழுந்திருக்காது: மூக்கில் மணல், தொண்டையில் தும்மல், தலைமாட்டில் ஒப்பாரி, வயிற்றில் பசி. புரோட்டா நாடகம் முடிந்த பிறகுதான்.

அப்புறம் ஒரு கருவாட்டு வாசனை வந்தது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. ஆத்தா மேடை ஏறிவிட்டாள். கருவாடு காயப்போட்டுத்தான் எங்களை வளர்த்தாள். தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, “கரைக்கு வந்துட்டீகளா?” என்றாள்.

பெற்ற மகனை எந்தத் தாய் ‘வந்துட்டீகளா’ என்பாள்?

எங்கள் அய்யா கடலுக்குப் போய் அப்போது நாலு வருடம். வல்லம் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. உடலைக் காணாமல் யாரும் இழவு சொல்லவில்லை. காணாமல் போனவரை ஏழு வருடம் முடியாமல் சட்டமும் இறந்தவராக எடுத்துக்கொள்ளாது. ஆத்தா தாலியைக் கழற்றவில்லை. அழவும் இல்லை. சந்திரமதியின் தாலி அவள் புருசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம். என் ஆத்தாவின் தாலி ஊர்க் கண்ணுக்கெல்லாம் தெரிந்தது. பார்க்க வேண்டியவரைத்தான் காணோம்.

நாலு வருடத்து அழுகையையும் அன்றைக்கு என் காலடியில் அழுதாள். ஸ்திரீபார்ட் பாட்டை நிறுத்திவிட்டார். ஆர்மோனியம் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. என் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கம் இறங்கியது. பிணம் அழக் கூடாதில்லையா? சந்திரமதி சற்றே நகர்ந்து, விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அதை முந்தானையால் ஒற்றினார்.

சுடலை காக்கும் அரிச்சந்திரன் இந்த இடத்தில் கால்பணமும் முழத்துண்டும் கேட்க வேண்டும். ராஜபார்ட்டுக்குக் குரல் வரவில்லை. ஆத்தா தானாக முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணாவை அவர் கையில் வைத்தாளாம். அவர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள். முழத்துண்டை அவர் கேட்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார்.

நான் அசையவில்லை, தம்பி.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.