பெரிய வெள்ளிக்கு "ஹேப்பி" போடலாமா? வாழ்த்து அட்டையில் என்ன எழுதுவது?

வணக்கம் மக்களே! பெரிய வெள்ளியன்று காலையில் "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா? இனிமேல் வேண்டாம். அது இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். பாளையங்கோட்டையில் உங்கள் சிநேகிதர் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் கண்கலங்கி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் போனில் பூங்கொத்துப் படம் வந்தால் மனசு என்ன பாடுபடும்? "இன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டேன்" என்ற ஒரு வரி போதும். பூவெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு. அன்று "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று எழுதிப் பாருங்கள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் வரும்.

அட்டைப் பழக்கம் எப்போது வந்தது? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடிக்க வைத்தார். நம்ம ஊசிக் கோபுரக் கோயில் என்ற தேவாலயத்தைக் கட்டியது 1826-ல். அப்படியென்றால் முதல் அட்டை அச்சாகும் முன்பே பாளையங்கோட்டையில் அந்தக் கோயில் 17 கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு பொங்கல் வாழ்த்து இருக்கிறது. கரும்பு, பானை, காளை மாடு, மேலே ஜிகினா. தபால் கட்டணம் குறையும் என்று, உறையை ஒட்டாமல் செருகி, "புக் போஸ்ட்" என்று எழுதி அனுப்பியவை. முக்கால்வாசியில் வெறும் கையெழுத்துதான். ஒன்றில் மட்டும் ஆச்சியின் மைனி (அண்ணி), சிறுமிகள் சின்னதாய் வீடு கட்டி வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்: "சிறுவீட்டுப் பொங்கலுக்கு நீ போட்ட கோலம் கண்ணுக்குள்ளயே நிக்கி. என் மகளுக்கும் சொல்லிக் கொடு." ஆச்சி அதை மட்டும்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அச்சடித்த கவிதை நாலு வரி அதற்குக் கீழேயே இருக்கிறது. அதை அவள் ஒருநாளும் வாசித்ததில்லை.

அந்த வரியை வேறு எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாது, பாருங்கள். நீங்களும் அப்படி ஒரு வரியைத் தேடுங்கள். மேலப்பாளையத்துச் சிநேகிதனுக்கு நோன்புப் பெருநாள் அட்டையா? முதலில், "உங்கள் நோன்பையும் துஆவையும் இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்." துஆ என்றால் பிரார்த்தனை. முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இந்தப் பொருளில்தான். அப்புறம் உங்கள் வரி: "உம்மா கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பெருநாளன்று கொண்டுவருகிறேன்."

துக்கம் நடந்த வீட்டுக்குத் தீபாவளி அட்டை அனுப்பாதீர்கள். ஆனால் சும்மாவும் இருந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். "இந்த வருஷம் உங்களுக்குத் தீபாவளி இல்லை என்று தெரியும். முறுக்கு சுடும்போது மாமா ஞாபகம் வந்தது" என்று எழுதுங்கள். "நல்வாழ்த்துகள்" என்ற வார்த்தையே அதில் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு பழைய அட்டை இருக்கும். எடுத்து, அதில் பேனாவால் எழுதியிருக்கும் வரியைக் கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் நான் வாசிப்பேன்.